கடைசித் தாளின் அடி ஓரம்

என் லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, ஒரே ஒரு ஆசை. எங்கள் வாப்பாவின் பாட்டனார் சைகோனில் துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, கைப்பட எழுதிய புத்தகம், அவர் பெயரோடு ஒரு நூலகத்தில் இருக்க வேண்டும். லாத்தாவால் அலைய முடியாது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நூலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கட்டு அசலா, பிற்காலத்ததா? புழுத்துளை எழுத்தைத் தொடுகிறதா? தொடர்சொல் உண்டா? ஈற்றுக்குறிப்பு உண்டா? பத்தாவதோடு நின்றவன் நான். புழுத்துளை மட்டும் புரிந்தது. போனில் பேசுவதென்றாலே எனக்கு வியர்க்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, மூன்றாம் நாள் நூலகத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் எழுதி வைப்பதுதான் தொடர்சொல். தாள் கலைந்தாலும் அடுக்கிவிடலாம். நம் புத்தகத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

"ஈற்றுக்குறிப்புன்னா என்னங்க?"

"எழுதினவரு, நான் இன்னார் மகன் இன்னார், இந்த ஊர்ல இருந்து எழுதி முடிச்சேன்னு கடைசியா போடுறது. கடைசித் தாள்ல அடி ஓரமா, சாய்வா, பொடி எழுத்துல இருக்கும் பாருங்க."

அந்த ஓரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாள் கழன்று, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. எங்கள் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புச் சான்று வரை, காப்பாற்ற நினைப்பது எல்லாம் லேமினேஷனுக்குத்தான் போகும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் கெடாது. போன வாரம் இதையும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "அடியில நைஞ்சு கெடக்கு, மெஷின் உள்ளே போனா மடங்கும். ஓரத்தை எடுத்துடவா பாய்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். பின்னால் நாலு பேர் நின்றார்கள். பொடி எழுத்து கண்ணில் பட்டது. யாரோ கிறுக்கியது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி போட்டோ ஏதும் எடுத்தீங்களா?"

"இல்லீங்க. லாத்தா சின்ன வயசுல படிச்சிருக்கு. வாயால சொல்லும்."

"அதைக் குடும்பத்தார் சொன்னதுன்னு தனியா போட்டுக்கலாம். எழுதியவர்ங்கிற கட்டத்துல 'அறியப்படவில்லை'ன்னுதான் போட முடியுங்க."

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். குப்பை வண்டி அன்றைக்கன்றே வந்து அள்ளிப் போய்விடுமாம்.

லாத்தாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "பொட்டலம் மடிச்ச பேப்பரைக்கூட விடாமப் படிப்பியே, இதைப் படிக்கலியாடா?" என்றாள். எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்டாள். ஒரு விரல் அகலம் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் சொல்றேன், எழுது."

பெயரைச் சொன்னாள். தகப்பனார் பெயரைச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "அதுக்கப்புறம் தெரு பேரு ஒண்ணு வரும்டா. அப்புறம் அல்லாகிட்ட கேக்குற துஆ ஒண்ணு. இரு, வருது."

பேனாவைத் தாளில் வைத்தபடி இருந்தேன். பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்லி முடிந்தது. அவளுக்கு வரவில்லை.