ஒரு மாதம் தள்ளிப்போன சம்பள உயர்வு

அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தின் பாதிப் படியில்தான் என் நோய் தொடங்கியது. தொடங்கியது என்று நான் சொல்கிறேன். மருத்துவர்களைக் கேட்டால், சிறுவயதில் எனக்குத் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்தபோதே அது தொடங்கிவிட்டது என்பார்கள். அன்று காலை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுகிறவளைப்போல நின்றேன். மூச்சு வாங்குவதை நான்கு பேர் பார்க்கக் கூடாது என்ற வெட்கம். இதை வாசிக்கும் உங்களில் யாராவது அப்படிப் படியில் நின்று நடித்துக்கொண்டிருந்தால், நடிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. அம்பத்தூர் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்புக்கான மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில், செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் பிரிவில் வேலை. அந்தப் பிரிவில் முழுக்கப் பெண்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக முத்தாபுதுப்பேட்டையில் வீடு. அங்கிருந்து ஆவடிக்குப் பஸ், ஆவடியிலிருந்து ரயில். என் கணவர் சூசை ஒரு சின்ன பட்டறையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை என்பதால் அவருக்குத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. எங்கள் வீட்டில் எல்லோருடைய காய்ச்சலும் இருமலும் என் காப்பீட்டு அட்டையில்தான் ஓடின.

முதலில் சுருளில் பூசும் வார்னிஷ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பிறகு தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை வைத்துக்கொண்டேன். ஒரு நாள் இருமியபோது சளியில் ரத்தக் கீற்று இருந்தது. சூசை அதை எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மறுநாளிலிருந்து என் டம்ளர் தனியாக அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. காசநோய் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். எக்ஸ்ரேயில் காசநோய் இல்லை என்று தெரிந்ததும் டம்ளர் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

காப்பீட்டு டிஸ்பென்சரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். எப்போதும் களைத்த முகம். முன்னால் நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே பெரிது. அவர் என் மார்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் அங்கிருந்து எடுக்கவேயில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல்ல படுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். படுத்திருக்கிறேன். அதை வளர்ச்சி வலி என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

எக்கோ (ஒலி அலைகளைக்கொண்டு இதயத்தைப் படமாகப் பார்ப்பது) எடுத்தார்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு தடித்துச் சுருங்கிப்போவது) என்று பெயர் சொன்னார்கள். கதவு பாதிதான் திறக்கிறது, உள்ளே வரவேண்டிய ரத்தம் வாசலில் முட்டிக்கொண்டு நுரையீரலில் தேங்குகிறது, மாடிப்படியில் நீங்கள் நிற்பது அதனால்தான் என்று டாக்டரம்மா விளக்கினார். மாத்திரை தேக்கத்தைக் குறைக்கும், கதவைத் திறக்காது. அதற்கு மூடிய வால்வு அறுவை (இதயத்தை நிறுத்தாமலே, விலா எலும்புகளுக்கு நடுவே வழிசெய்து, விரலாலும் ஒரு கருவியாலும் வால்வை விரிப்பது) செய்ய வேண்டும்.

"எவ்வளவு நாள் தள்ளலாம் டாக்டர்?"

"சில மாசம். ஒரு வருஷம்னு கேக்காதீங்க."

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அரசுப் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் வரிசை ஒரு வருடத்துக்குக் குறையாது. தனியாரில் அடுத்த வாரமே செய்வார்கள், ஆனால் அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டை விற்றாலும் பாதிதான் தேறும். மூன்றாவது காப்பீடு. அவர்களே அனுப்பிவைப்பார்கள், செலவை அவர்களே ஏற்பார்கள், படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் தருவார்கள். பொங்கலுக்கு முன்பாகச் செய்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் கறிக்குழம்பு வைத்தேன். அவ்வளவு நிம்மதி.

ஒரு மாதம் கழித்து மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மா என் தொழிற்சாலையின் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க இடத்துல சம்பள ஒப்பந்தம் பேசறாங்களாமே?"

பெருமையாக ஆமாம் என்றேன். பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆண்கள் அசெம்பிளி பிரிவில் வாங்கும் சம்பளத்தைச் சுருள் சுற்றும் பெண்களுக்கும் கொடு என்று இரண்டு வருடமாக நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்ற கமிட்டியில் ஒரே பெண் நான்தான். ஒப்பந்தம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதுச் சம்பளம்.

"சீனியாரிட்டியோட சேத்து உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். காப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு (இதற்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் திட்டத்தில் இருக்க முடியாது என்ற எல்லை) உண்டு. என் புதுச் சம்பளம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பெரிதாக ஒன்றும் தாண்டவில்லை, மாதம் இரண்டு சினிமா டிக்கெட் அளவுக்கு.

"இந்த எஸ்டேட்ல சம்பளம் ஏறுதுன்னு கேட்டாலே எனக்குப் பயமா இருக்கும்மா. பாதி வைத்தியத்துல ஆளுங்க காணாமப் போயிடறாங்க."

நான் கேட்டு வாங்கிய உயர்வு என்னைத்தான் முதலில் வெளியே தள்ளப்போகிறது என்பது ரயிலில் வரும்போதுதான் முழுதாக உறைத்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் தங்கியது.

சங்கச் செயலாளர் பெருமாள் அசெம்பிளி பிரிவைச் சேர்ந்தவர். விஷயத்தைக் கேட்டு யோசித்தார். எனக்கு மட்டும் பழைய சம்பளம் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இன்னா பிலோமினா பேசற? சமச் சம்பளம்னு கேட்டதே நீ. நீயே எனக்குக் கம்மியாப் போடுன்னா, மொதலாளி அத்தயே ஃப்ரேம் போட்டு மாட்டிடுவான்."

அவருக்கு வேறொரு விதி தெரிந்திருந்தது. காப்பீட்டில் கணக்கு அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு தொடங்கும் நாளில் வரம்புக்குள் இருந்தால், நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்த ஆறு மாதமும் ஆள் உள்ளேதான். அந்த அரையாண்டு தொடங்குவதும் அக்டோபர் முதல் தேதிதான். புதுச் சம்பளம் ஒரே ஒரு மாதம் தள்ளி நவம்பரில் தொடங்கினால், மார்ச் முடிய எனக்கு அட்டை இருக்கும். அறுவை அதற்குள் முடிந்துவிடும். ஆனால் பிரிவு முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே தேதி. அப்படியானால் என்னோடு வேலை செய்யும் அத்தனை பெண்களும் ஒரு மாத உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். பெருமாள் மறுநாள் சாப்பாட்டு வேளையில் கேன்டீன் பின்புறம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. என் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வைப் பற்றி நாற்பது பெண்கள் சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

சிலர் உடனே "சரி, தள்ளிக்கலாம்" என்றார்கள். ஒருத்தி அழுதாள், அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கன்னியம்மா மட்டும் எழுந்து நின்றாள். எனக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது. குடும்பம் ஒரு காலத்தில் செம்பரம்பாக்கம் பக்கம் வயல்வேலை செய்தது. எதையும் மென்று முழுங்கத் தெரியாதவள்.

"நான் சொல்றன்னு யாரும் கோச்சிக்காதீங்க. அவுளுக்கு நோவு, ஒத்துக்கறேன். என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிகினு கீறேன். ஒரு மாசக் காசு எனக்கு ஒரு மாசக் காசுதான்." பிறகு பெருமாளைப் பார்த்தாள். "இன்னிக்கி இவுளுக்குக் கைய தூக்குன்ற. நாளைக்கி எனக்கு வந்தா எவ தூக்குவா? நாம நல்லவங்களா இருந்தாத்தான் ஒருத்தி பொழைக்கணுமா? இன்னா சட்டம்யா இது?"

கை தூக்கச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான கைகள் மேலே போயின என்று பெருமாள் சொன்னார். கன்னியம்மாவின் கை போகவில்லை. வேறு சிலருடையதும் போகவில்லை. நிர்வாகம் தேதியை மாற்ற உடனே ஒத்துக்கொண்டது. இரண்டு வருடப் பேச்சுவார்த்தையில் அவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான். என் நோயால் லாபம் பார்த்தவர் முதலாளி மட்டுமே.

அறுவை மார்கழிக் கடைசியில் நடந்தது. அதைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், ஏனென்றால் நான் அங்கே இல்லை. கண் விழித்தபோது இடப்பக்க விலாவை யாரோ பிளந்து வைத்ததுபோன்ற வலி. பிளந்துதான் இருந்தார்கள். நெஞ்சிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு ஜாடிக்குள் போயிற்று. பிசியோதெரபிப் பெண் வந்து இருமுங்கள், இருமுங்கள் என்று விரட்டினாள். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. நீங்களும் அவளை வெறுப்பீர்கள். ஆனாலும் இருமுங்கள், சளி தங்கினால் நிமோனியா வரும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தலையணையை எடுத்துவிட்டுத் தட்டையாகப் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். மூச்சு முட்டவில்லை. சூசை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமே, படுத்தா மூச்சு வாங்கல?"

"வாங்கல."

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அழத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன், தையல் இழுக்காத அளவுக்கு.

வீட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா வந்தாள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"நான் கைய தூக்கல. தெரியும்ல?"

"தெரியும்."

"தூக்கியிருந்தன்னு வெச்சுக்கோ, ஆயுசுக்கும் உன்னாண்ட சொல்லிக் காட்டிகினே இருந்திருப்பேன். என் வாய் உனக்குத் தெரியாதா?"

சிரித்தேன். சிரித்தால் தையல் அப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். கல்யாணத்துக்குப் போய் மொய்யும் வைத்தேன்.

ஏப்ரலில் அட்டை போயிற்று. வால்வை விரித்தாயிற்று என்றால் நோய் முடிந்தது என்று அர்த்தமில்லை. பழைய காய்ச்சல் திரும்பி வால்வைக் கெடுக்காமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். அதை மருந்துக் கடையில் வாங்கி, தெருவிலிருந்த டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் இனி கைக்காசுதான். உயர்ந்த சம்பளத்தில் இதற்கெல்லாம் எவ்வளவு போயிற்று என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்துவிடும்.

ஒன்றை மட்டும் அப்போது யோசித்தேன். விலைவாசி ஏறுகிறது, அதைத் துரத்திக்கொண்டு சம்பளமும் ஏறுகிறது, வரம்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. நாங்கள் வசதியாகிவிட்டோம் என்று எந்தக் கடைக்காரரும் நம்பவில்லை. காகிதம் மட்டும் நம்பியது. பல தொழிற்சாலைச் சங்கங்கள் சேர்ந்து வரம்பை உயர்த்தச் சொல்லி மனு கொடுத்தபோது நானும் போனேன். மனுவை வாங்கிய அதிகாரி மரியாதையானவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் நல்லபடியா முடிஞ்சுதே அம்மா" என்றார். முடிந்தது சார், அதற்கு நாற்பது பேர் கை வேண்டியிருந்தது, சிலர் தூக்கவில்லை, அவர்கள்மேலும் தப்பில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இரண்டொரு வருடம் கழித்து வரம்பை உயர்த்தினார்கள். எங்கள் மனுவால் என்று சொல்லமாட்டேன். அது பலகாலப் பேச்சு. எனக்குப் பின் ஒவ்வொருவராக வரம்பைத் தாண்டி வெளியே போயிருந்தவர்களும் நானும் மறுபடி உள்ளே வந்தோம்.

அதற்குள் என் உடம்பு எனக்கு வேறாகிவிட்டிருந்தது. மேம்பாலப் படியை நிற்காமல் ஏறுவேன், ஆனால் ஏறும்போது ஏறுவதை மட்டுமே நினைப்பேன். இடது கை தோளுக்கு மேல் வலியில்லாமல் எழாது. வருடம் எனக்குத் தையிலோ சித்திரையிலோ பிறப்பதில்லை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை பிறக்கிறது, ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன். விரித்த வால்வு மறுபடி சுருங்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சம்பளத்தில் காப்பீட்டுக்கான பிடித்தம் மீண்டும் தொடங்கிய முதல் சம்பள நாளன்று மின்சாரம் போயிருந்தது. இயந்திரங்கள் நின்றுவிட்டதால் எல்லோரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து கவரைப் பிரித்தோம். புதிதாக வேலைக்கு வந்திருந்த செல்வி என்ற பெண் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாள்.

"எனக்கு நோவும் இல்ல நொடியும் இல்ல. எதுக்குக்கா என் காசப் புடிக்கிறான்?"

கன்னியம்மா தன் கவரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "புடிக்கட்டும்டி. யாருக்கு, இன்னா நோவுன்னு உன்னாண்ட கேக்காம புடிக்கிறான் பாரு, அதான் நல்லது. கேட்டா நீ குடுக்க மாட்ட. நானும் குடுக்கல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் திரும்பவில்லை. பல வருடங்களாக என் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்று இயந்திரச் சத்தமில்லாத அந்த வரிசையில், பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுவிடுவதும் கேட்டது.