உள் தாழ்ப்பாள்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் சாவிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் முடங்கி உட்காரும் அளவுக்கு ஒரு கடை. யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் மாமாவைக் கூப்பிடுவார்கள். ஒரு கம்பியை உள்ளே விட்டு, தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். அவ்வளவுதான், கதவு திறந்துவிடும்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அக்காவுக்கு எமனாக வந்தது. அவர் குடித்த காலத்தில் அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். முதலில் இரண்டு கையாலும் தட்டுவார். "குட்டி, கதவைத் தொற!" என்று மகளைக் கூப்பிட்டுக் கத்துவார். பிறகு தானே திறந்துகொண்டு வந்துவிடுவார். நிற்கக் கால் இருக்காது, கை மட்டும் வேலையை மறக்காது. உள்ளே வந்தபின் நடந்ததையெல்லாம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. குட்டி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். அக்கா பூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் சாவித் துவாரமே இல்லாத ஓர் இரும்புத் தாழ்ப்பாளை நான்தான் உள்பக்கம் அடித்துக் கொடுத்தேன். அதை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று படியிலேயே விழுந்து கிடந்தார்.

பிறகு சிகிச்சைக்குப் போனார், பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷன் அதற்கப்புறம் குடியைத் தொடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிவிடும்.

கடையிலேயே முடங்கிப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். வேலைப் பையைக் கடையில் விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் வருவார். மணியை ஒரே ஒரு தரம் அடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தெருவுக்கே சாவி வெட்டுகிறவரிடம் சொந்த வீட்டுச் சாவி கிடையாது. குட்டி முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறப்பாள். போகப்போக, "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிற அளவுக்கு வந்தாள். அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதையும் விட்டுவிட்டாள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று பயம்.

அக்கா அவருக்கு ஒரு சாவி கொடுக்க முடிவு செய்தாள். சொல்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனாள்.

"சாவிக்காரர் பொண்டாட்டி இன்னொருத்தர் கடைல சாவி வெட்டுறா. தெரிஞ்சா மனுஷன் நெஞ்சு வெடிச்சிரும்" என்றேன். அக்கா வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுப்பில் கிழங்கு வேகிறது, பார்த்துக்கொள் என்று குட்டியிடம் சொல்லியிருந்தாள். குட்டி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தபடியே தூங்கிப்போனாள். மாமா அன்றைக்கென்று சீக்கிரம் வந்திருக்கிறார். மணி அடித்தார், பதில் இல்லை. கதவுக்கு மேல் சந்தில் புகை தெரிந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் தட்டினார். "குட்டி, கதவைத் தொற!" என்று கத்தினார்.

அதே தட்டல், அதே வார்த்தை. குட்டி விழித்தது அதைக் கேட்டுத்தான். பிள்ளை வேறென்ன நினைக்கும்? அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மூலையில் போய் ஒடுங்கினாள். மாமா வெளியே கிடந்த ஒரு துண்டுக் கம்பியை வளைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

நாங்கள் வந்தபோது வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். மாமா கம்பியும் கையுமாகக் கூடத்தில் நின்றார்.

"அடுப்பு... பாத்திரம் தீஞ்சு போச்சு. அணைச்சிட்டேன். தட்டினேன், தொறக்கல" என்றார்.

அக்கா அவர் பக்கம் ஓர் அடி நெருங்கினாள். எதற்கு என்று எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாதா? சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். எனக்குத் தாங்கவில்லை. அவருக்காக நான் அழுதது அன்றுதான்.

"அப்பா குடிக்கலடி. அடுப்பை அணைக்கத்தான் வந்தாரு" என்று அக்கா அறைக் கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"அவரை வெளிய போகச் சொல்லும்மா."

அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த புதுச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். மாமா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வேற கடையா? பல்லு சரியா வெட்டல. பூட்டுல மாட்டிக்கும்."

"நீங்களே சரி பண்ணி வச்சுக்குங்க."

"இப்ப வேணாம். அவ சொல்லட்டும்" என்று சாவியை அக்கா கையிலேயே வைத்து மூடினார். வெளியே போய்க் கதவையும் அவரே சாத்தினார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் குட்டி வெளியே வந்தாள். சமையலறையில் கருகிக் கிடந்த பாத்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் நேராக வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். பல நாள் போடாததால் அது கிறீச்சென்றது. மாமா இன்னும் படி இறங்கியிருக்கவில்லை. அது எந்தச் சத்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி ஒரே ஒரு தரம் அடித்தது. குட்டிதான் எழுந்து போனாள்.

"யாரு?"

"அப்பாதாம்மா."

தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "அம்மா, நீ வந்து தொற" என்று சொல்லி அறைக்குள் போய்விட்டாள்.