மடியில் வைத்துவிட்டுப் போகும் அட்டை

கை நீட்டுகிறவர்களுக்கு நான் சட்டென்று காசு கொடுத்துவிட மாட்டேன். கருமித்தனம் என்பார் என் வீட்டுக்காரர். அப்படியில்லை. ஏமாந்துவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், பர்ஸைத் தொலைத்துவிட்டேன், கோவில்பட்டி போக டிக்கெட்டுக்குக் காசில்லை என்று கண்கலங்கினார். கொடுத்தேன். அடுத்த மாதம் அதே தூணுக்குப் பக்கத்தில், அதே பர்ஸைத் தொலைத்துவிட்டு நின்றார். அடையாளம் தெரியாமல் என்னிடமே வந்தார். "இன்னுமா அண்ணே கோவில்பட்டி போய்ச் சேரல?" என்றேன். ஆள் கூட்டத்துக்குள் மறைந்துபோனார்.

திருத்தங்கலில் எங்களுக்கு ஒரு சின்ன பிரஸ் இருக்கிறது. காலண்டர், பட்டாசு லேபிள் என்று லாரி லாரியாக ஓடுகிற பெரிய பிரஸ்களுக்கு நடுவே விசிட்டிங் கார்டு, பில் புக், கல்யாணப் பத்திரிகை என்று துண்டு ஆர்டர்களை வைத்து நாங்கள் பிழைக்கிறோம். மெஷின் அவர் பொறுப்பு. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான். அவர் விடிந்ததும் பைக்கில் கிளம்பிவிடுவார். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வீடு இருக்கிற விருதுநகரிலிருந்து அந்த வழியாகப் போகும் சிவகாசி பஸ்ஸில் ஏறுவேன்.

எங்கள் பிரஸ் இருக்கும் தெருவுக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் வருவார். சாட்டையால் தன்னைத் தானே அடித்துக்கொள்வார். கூட வருகிற பெண் உறுமி மேளத்தைத் தேய்ப்பாள். சாட்டை சடாரென்று விழும், தோளிலிருந்து சிவப்பாக வழியும், தெருவே முகத்தைச் சுளித்துக்கொண்டு காசு போடும். நான் நாள் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கிறவள். ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டேன்: "அண்ணே, ரத்தம்னா இந்நேரம் காஞ்சு கறுத்திருக்கும். இது இன்னும் ரோஸ் கலர்லயே இருக்கே?"

அவர் கோபப்படவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "யக்கா, நெசமாவே தோல உரிச்சுக்கிட்டா அடுத்த தெருவுக்கு எப்படிப் போறது? சத்தம் நெசம். வலியும் கொஞ்சம் நெசம். கலர் மட்டுந்தான் நம்ம வேல."

அந்தப் பதிலுக்காகவே கொடுத்தேன். இன்றைக்கும் கொடுக்கிறேன். வித்தையை வித்தை என்று சொல்லிவிட்டால் எனக்கு வழக்கில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. "வெந்த கைய நீட்டுறவுககிட்ட மட்டும் எதையும் கேக்காத" என்பார். தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கைக்கு பட்டாசு ஆலை விபத்தில் வெந்து இரண்டு முன்னங்கைகளும் சுருங்கித்தான் இருக்கின்றன. அந்தக் கட்டளையை நான் மீறியதில்லை. மற்ற எல்லோரிடமும் கேட்பேன்.

காலண்டர் சீசன் மும்முரமாக இருந்த ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிரஸுக்குள் வந்தார். தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் அந்த அட்டை தெரியும். பஸ் கிளம்பும் முன் யாராவது ஏறி, ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டே கடைசி சீட் வரை போவார்கள். திரும்பி வரும்போது அட்டையையும், போட்டால் காசையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். 'நான் பிறவியிலேயே காது கேளாத, வாய் பேச முடியாதவள். தாய் நோயாளி. தகப்பன் இல்லை. திருமணமாகாத இரண்டு தங்கைகளை நான் ஒருத்தியே காப்பாற்றி வருகிறேன்' என்று அதில் இருந்தது.

"இதே மாதிரி எரநூறு வேணும்க்கா. கீழ இந்த கியூஆர் கோடையும் போட்டுருங்க. இப்பல்லாம் யாரு சில்லற வச்சிருக்காக?" என்றார்.

"யாருக்குண்ணே இது?"

"என் தங்கச்சிக்கு."

"அவுகள ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன். படிச்சுப் பாத்து சரின்னு சொல்லட்டும்."

"காது கேக்காது, பேச்சு வராது. இங்கன வந்து என்ன சொல்லப் போறா? துட்டு நாந்தானே குடுக்கேன்?"

கியூஆர் கோடு அச்சிடும்போது நான் என் போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிடுவேன். கோடு சிதைந்திருந்தால் பணம் போகாது, பழி எங்கள் மேல் வரும். அன்றைக்கும் ஸ்கேன் செய்தேன். திரையில் ஓர் ஆணின் பெயர் வந்தது.

"இது யாரு பேருண்ணே?"

"என் பேருதான். அவளுக்கு பேங்க் வெவரமெல்லாம் தெரியாதுக்கா."

காப்பாற்ற ஆளில்லாமல் இரண்டு தங்கைகளோடு தவிக்கிறவளுக்கு, தேய்த்த சட்டையில் அண்ணன் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று எனக்குள் ஓடியது. வாயைத் திறப்பதற்குள் மெஷின் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ஏம்மா, அடிச்சுக் குடுக்கதுதான் நம்ம வேல. போலீஸ் வேல பாக்காத."

அடித்துக் கொடுத்தேன். மனசு ஒப்பவில்லை.

சில நாள் கழித்து, விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, என் மடியில் அந்த அட்டை விழுந்தது. எங்கள் அட்டையேதான். நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். வெளுத்துப்போன பச்சை சுடிதார், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. யார் முகத்தையும் பார்க்காமல் அட்டையை வைத்துக்கொண்டே போனாள். இவளுக்கு நிஜமாகவே காது கேட்காதா, அல்லது இதுவும் ரோஸ் கலர்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஏதோ ஊர்வலத்தில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். வெடிக்குப் பழகிய ஊர்தான். ஆனால் எதிர்பாராமல் சத்தம் கேட்டால் இங்கே எல்லோருக்கும் ஒரு கணம் நெஞ்சு நின்றுவிடும். பஸ்ஸே துள்ளி எழுந்தது. பாதிப் பேர் ஜன்னல் வழியாக, எந்தத் திசையில் புகை வருகிறதென்று எட்டிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பின்சீட்டில் ஒரு கிழவரின் மடியில் பதறாமல் அட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் அவளும் திரும்பினாள்.

அந்தச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் எனக்கு ஒன்று தீர்ந்தால் அடுத்தது வரும். அவள் அட்டையை வாங்க என்னிடம் வந்தபோது நான் கொடுக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, போனில் தட்டெழுதிக் காட்டினேன்: 'இந்தப் பணம் யாருக்குப் போகிறது?'

படித்தாள். என் போனை வாங்கித் தட்டினாள். பிழையில்லாமல் எழுதினாள். 'எனக்கு. என் பேங்கில் சேருகிறது. ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.'

'அண்ணன் சொன்னாரா?'

'அண்ணன் இல்லை. ரூம் எடுத்துக் கொடுத்தவர். சில்லறை அவருக்கு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும். போனில் வருவது எனக்கு.'

அவள் கண்முன்னாலேயே அட்டையின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, திரையில் வந்த பெயரைக் காட்டினேன்.

அவள் இடுப்பில் செருகியிருந்தது பட்டன் போன். அதில் ஸ்கேன் செய்ய முடியாது; இந்தப் பெயரை இதுவரை அவள் பார்த்திருக்க வழியில்லை. என் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அட்டைக் கட்டிலிருந்து வேறொரு அட்டையை உருவி, அதையும் ஸ்கேன் செய்யச் சொல்லிச் சைகை காட்டினாள். செய்தேன். அதே பெயர். இன்னொன்றை நீட்டினாள். அதிலும் அதே பெயர்தான். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். கண்டக்டர் அவளைத் தோளில் தட்டி இறங்கச் சொன்னார். அவள் இறங்கி, நடைமேடையில் அட்டைக் கட்டைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் இறுகிப் போயிருந்தது.

நான் செய்தது சரிதானா என்று அன்று முழுக்க யோசித்தேன். ரூமும் சோறும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் கையில். நான் பாட்டுக்கு ஒரு பெயரைக் காட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்து அவளைப் பஸ்ஸில் பார்த்தபோது அட்டை குட்டையாக இருந்தது. கியூஆர் கோடு இருந்த பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தாள். என் மடியிலும் ஒன்றை வைத்துவிட்டு, என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரமே வெள்ளைச் சட்டைக்காரர் பிரஸுக்கு வந்தார். வாசலிலேயே சத்தம். "யாரு அவகிட்ட என்னத்தச் சொன்னது? துட்டு வாங்கிக்கிட்டு அடிச்சுக் குடுத்தமா, போனமான்னு இருக்கணும். அவ எல்லாத்தையும் வெட்டி வச்சிருக்கா!"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, மை படிந்த கையோடு முன்னால் வந்தார். போலீஸ் வேலை பார்க்காதே என்று என்னைச் சொன்ன மனிதர்.

"நாந்தான் சொன்னேன். இப்ப என்ன?"

"நீக எதுக்குச் சொல்லணும்?"

"தங்கச்சின்னு சொல்லித்தான ஆர்டர் குடுத்தீக? தங்கச்சி துட்ட எடுத்துத் திங்கிற அண்ணனுக்கு நாங்க அச்சடிக்கறதில்ல. அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியத அது அக்கவுண்ட்டுல போட்டுட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்."

எதிர் பைண்டிங் கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்த ஆளின் குரல் தணிந்தது. "பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீக" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வீட்டுக்காரர் மறுபடி மெஷினை ஓட்டினார். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்: "வாசக் கதவ இனிமே சாத்தியே வச்சுக்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவளைக் காணவில்லை. நானே அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ, அந்த ஆள் ஏதும் செய்துவிட்டாரோ என்று பஸ் ஏறும்போதெல்லாம் நடைமேடையைத் தேடுவேன்.

ஒரு மத்தியானம் அவளே பிரஸ் வாசலில் நின்றாள். அட்டையில் பிரஸ் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதை வைத்து விசாரித்து வந்திருக்கிறாள். காரியாபட்டிப் பக்கம் இருக்கிற தன் ஊருக்குப் போய் வந்ததாக எழுதிக் காட்டினாள். கையில் பாஸ்புக்கும் ஒரு பழைய டச் போனும் இருந்தன. புது கியூஆர் கோடு போட்டு அட்டை வேண்டுமாம்.

ஸ்கேன் செய்தேன். பெண் பெயர் வந்தது. அது போதாதென்று பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் பெயரையும் ஒப்பிட்டேன். அவள் முகம் கடுத்தது. ஆனால் அவளும் என்னை விடவில்லை. ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னாள். தன் போனில் வந்து சேரும்வரை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். பழைய அட்டையை அடித்துக் கொடுத்ததும் இதே பிரஸ்தானே. என்னை அவள் ஏன் நம்ப வேண்டும்? அது எனக்குப் பிடித்திருந்தது.

வாசகத்தைத் திரையில் ஏற்றிவிட்டுத் தட்டினேன்: 'தங்கைகள் இருக்கிறார்களா?'

'இல்லை.'

'அப்படியானால் எடுத்துவிடட்டுமா?'

'வேண்டாம். இருக்கட்டும்.'

'பொய்யை அச்சடிக்க மாட்டேன்.'

அவள் என் திரையை எட்டிப் பார்த்தாள். அதில் இன்னொரு பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை திறந்திருந்தது. மாப்பிள்ளை, மாமா, சித்தப்பா என எல்லோர் பெயருக்குப் பின்னாலும் வரிசையாகப் பட்டங்கள். அதை விரலால் காட்டிவிட்டு எழுதினாள்: 'இதையெல்லாம் சர்டிபிகேட் பார்த்துத்தான் அடிக்கிறீர்களா?'

நான் வாசித்துக் காட்டியதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. தங்கைகள் அட்டையிலேயே இருந்தார்கள். தாய் நோயாளி என்பது உண்மையா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதிலை நம்பியிருக்க மாட்டேன்.

அவள் இப்போதும் இந்தத் தடத்தில் வருகிறாள். வெள்ளைச் சட்டைக்காரரைக் காணவில்லை. ஆனால் அவர் போய்விட்டார் என்று எனக்கு யார் உறுதி சொல்வது? பெயர் அவளுடையது. போன் எந்நேரமும் அவள் கையிலேயே இருக்கிறதா, ராத்திரி யார் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதை ஸ்கேன் செய்து பார்க்க முடியாது.

போன வாரம் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். மடியில் விழுந்த அட்டையைப் படித்துவிட்டு, அட்டை வைத்தவள் பின்பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "யக்கா, இதெல்லாம் உண்மையா இருக்குமா? குடுக்கலாமா?"

"காது கேக்காதது உண்மை" என்றேன். "தங்கச்சிக பொய். ஆத்தாவப் பத்தித் தெரியாது. ஸ்கேன் பண்ணிப் பாருங்க. பொம்பளப் பேரு வந்தா குடுங்க."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற இந்த அம்மா யாரோ, கூட்டாளியோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பையை என் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு ஸ்கேன் செய்தாள்.