தம்பியின் இடது கை

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அலகு குத்துவது நான்தான். தோலைக் கிள்ளித் தூக்கி, பச்சையாக ஓடும் நரம்பை விட்டுத் தள்ளிக் குத்துவேன். விரதத்தில் உடம்பு வற்றினால் யாருக்கும் நரம்பு தெரியும். தோல் மெலிந்தவர்களுக்கு விரதம் இல்லாமலே தெரியும். எந்த நரம்பு எதனால் புடைக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் என் தம்பி, அந்த வருஷம் காவடி வேண்டாம் என்றான். வீட்டிலும் முழுக்கைச் சட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவனின் இடது கையைப் பார்த்துவிட்டேன். மணிக்கட்டில் தையல் தழும்பு. அங்கிருந்து முழங்கை வரை சுண்டுவிரல் தடிமனில் ஒரு நரம்பு. மடிப்பில் ஊசித் தடம் வேறு.

"ஊசி போடுறியா, நாயே?"

"இல்ல லா அண்ணே, சொல்றதக் கேளு..."

எங்கே கேட்டேன்? போதை ஊசியால் செத்த இரண்டு பேரை எங்கள் ஃப்ளாட்டிலிருந்து தூக்கியவன் நான். ஹெல்மெட்டால் அடித்தேன். உதடு கிழிந்தது, மூக்கில் ரத்தம் கொட்டியது. கீழே தள்ளி மிதித்தேன். அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு முகத்தைக் காட்டினான்.

"கை மட்டும் வேணாம்ணே. மூஞ்சில அடி."

தடத்தை மறைக்கிறான் என்றே நினைத்தேன். கையைப் பிடுங்கி முறுக்கினேன். என் கட்டைவிரலுக்கு அடியில் அந்த நரம்பு விர்ரென்று அதிர்ந்தது. ஐயோ, அப்போதாவது விட்டிருக்கலாம். ஆத்திரம் தீரும்வரை முட்டியை ஊன்றி நசுக்கினேன்.

"டயாலிசிஸ்க்கு ஆபரேஷன் பண்ணிருக்காங்கண்ணே," என்று அலறினான். "ரெண்டு நரம்ப ஒண்ணா தச்சுப் பெருசாக்கி, அதுலதான் ஊசி குத்துறாங்க. டயாலிசிஸ் இல்லாமலே செத்த அப்பா மாதிரியே எனக்கும் கிட்னி போச்சு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான்..."

நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இல்லை.

ஆஸ்பத்திரியில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னான். நர்ஸ் என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். அந்த நரம்பு அடைத்துவிட்டது, இனி உதவாது என்றார் டாக்டர்.

இப்போது வலது கையில் தைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று தடவை நான்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். முடிந்து தள்ளாடி வருபவனுக்குக் காரில் பெல்ட் மாட்டிவிடக் கையை நீட்டினால் போதும், வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டுகிறான்.