பத்தடிக் கொட்டகை

கையுறை தொலைந்துவிட்டதுபோல் பனியைக் காலால் கிளறிக்கொண்டே கர்டிஸின் கொட்டகையைச் சுற்றி வருவார் ஹால்வர். கையுறை கோட்டுப் பையில் பத்திரமாக இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்பார். ஆறடி. மிச்சத்தைச் சாண் போட்டு அளப்பார். போன குளிர்காலம் முழுக்க இதுதான் வேலை. அளவு ஒருநாளும் மாறவில்லை, எட்டடிச் சதுரம். ஆனாலும் மறுநாள் போய் அளந்துவிட்டு வருவார்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கு மூலையில் முப்பது வருஷம் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். பனிக்கட்டியில் துளை போட்டு உள்ளே உட்கார்ந்தபடி தூண்டில் போட, உறைந்த ஏரிமேல் நிற்கும் நாற்பது மீன்பிடிக் கொட்டகைகளையும் ஒருமுறை பார்த்தாலே குறை சொல்லிவிடுவார். "அது ஜன்னலாய்யா? எவனோ பழைய பஸ்ல கழட்டினது." "அந்தக் கூரை அவன் மாமனார் கோழிக்கூட்டோடது, எனக்குத் தெரியாதா?" அவருடைய சொந்தக் கொட்டகையின் கதவு மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

கர்டிஸ் வேறு யாருமில்லை, மனைவி மார்லிஸின் தம்பி. இருபத்தெட்டுக் குளிர்காலம் ஹால்வரோடு உட்கார்ந்து தூண்டில் போட்ட மார்லிஸ், போன குளிர்காலம் ஏரி உறைந்ததுமே காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு தம்பி கொட்டகைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் பனிக்கட்டியைத் தாண்டி வரும். ஒருநாள் ஐந்து மீன் மாட்டியும் யாரிடமும் காட்டாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

கர்டிஸின் கொட்டகை சூடாக இருக்கிறது, விசாலமாக இருக்கிறது, அதனால்தான் போகிறாள் என்று தீர்மானித்தார். இலையுதிர்காலம் தொடங்கியதும் கராஜுக்குள் சுத்தியல் சத்தம் தொடங்கியது. பத்தடிச் சதுரம். சுவருக்கு இரண்டு அடுக்குப் பலகை, நடுவே குளிர் புகாமல் பஞ்சு. பழைய எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து அடுப்பு. ஆணி அடிக்கும்போது உதட்டில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, "எட்டடியாம், எட்டடி!" என்று முனகுவார். மார்லிஸ் எட்டிப் பார்த்தால் மட்டும், "உனக்கு மெத்தை வச்ச பெஞ்சு போடறேன்" என்பார்.

ஏரி நன்றாக உறைந்த சனிக்கிழமை, அடியில் உருளைக் கட்டை வைத்துக் கொட்டகையைத் தள்ளிக்கொண்டு கராஜ் வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலின் அகலம் ஒன்பதடி. பலகைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தபோது வாசல் பெரிதாகத்தான் இருந்தது. ஊரார் கொட்டகையெல்லாம் அளந்த மனிதர் தன் வீட்டு வாசலை அளக்கவில்லை.

இழுத்துப்போக உதவலாம் என்று பிக்கப் வண்டியோடு வந்த கர்டிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இத ஏரிக்குக் கொண்டு போகணுமா, இல்ல ஏரிய இங்க கொண்டு வரணுமா?"

ஹால்வர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் கராஜின் கதவுச் சட்டத்தில் வைத்தார்.

மார்லிஸ் ஓடி வந்தாள். "யோவ், வீட்டையா அறுக்கப் போற? கொட்டகையில ரெண்டடி எடுத்தா போச்சு!"

"ரெண்டடி எடுத்தா உன் தம்பியோடது மாதிரி ஆயிடும். அதுக்கு நான் எதுக்கு மூணு மாசம் செத்தேன்? உன்னத் திரும்பக் கூப்பிட்டுக்கத்தான இத்தன பெருசு!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. காது சிவந்துவிட்டது. கர்டிஸ் சிரிப்பை நிறுத்தி, வண்டியில் ஏதோ மறந்துவிட்டவன்போல் வெளியே போனான்.

"சூட்டுக்கா அங்க போறேன்னு நெனச்ச?" என்றாள் மார்லிஸ். "அவன் பேசறான்யா. நீ எங்கூட உக்காந்தா தூண்டில் மெதவையத்தான் பாப்ப. இருபத்தெட்டு வருசத்துல உன் மொகத்தவிட உச்சந்தலைதான் எனக்கு நல்லாத் தெரியும்."

கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போய், மெத்தை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். ஹால்வரும் ரம்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் தலை தானாகக் குனிந்தது. தரையில் தூண்டிலுக்கு வெட்டியிருந்த துளை வழியே கராஜின் சிமெண்டும் கொஞ்சம் எண்ணெய்க் கறையும் தெரிந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன மாட்டியிருக்கு?" என்றாள் மார்லிஸ்.

"அப்படி என்னதான் பேசுவான் அவன்?" என்று கேட்டார் ஹால்வர். கேட்டுக்கொண்டே கையை நீட்டி, துளையின் பலகை மூடியை இழுத்து மூடினார்.