தும்மிய சிலை

எங்கள் ஓவியக்கூடத்தில் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு வந்தவளுக்கு வழியே தெரியாது என்பதை நாங்கள் புரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின. நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். என் கண்ணெதிரேதான் அவள் கும்பலைக் கூட்டிக்கொண்டு இடது பக்கக் கதவு வழியாக உள்ளே போவாள். சுற்றி முடித்து வலது பக்கக் கதவால் வெளியே வர வேண்டும். அவளோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வருவாள். ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து கையசைத்தாள்.

கூடப் போனவர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. அவள் பேச்சு அப்படி. மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கவைத்து, அதில் படிந்திருந்த துருவின் நிறத்தைப் பற்றி அவள் பேசியதைக் கேட்டு இரண்டு பேர் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டார்களாம். வேலைக்கான நேர்காணலிலும் இதே கதைதான். மேலாளர் அம்மா ஒரு பூனை ஓவியத்தைக் காட்டி, "இதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றாராம். அவள் சொல்லி முடித்தபோது மேலாளர் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நேர்காணல் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிட்டதால், எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காவலர்கள் அவளுக்குத் திசையக்கா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். "கல்யாணமான புதுசுல, மாமியார் வீட்ல எல்லார்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கதவத் தொறந்து போனா, அது சாமான் ரூம். திரும்பி வர வெக்கமா இருந்துச்சு. அங்கயே நின்னுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மாமியார் எட்டிப் பாத்து, என்னம்மா தேடறேன்னாங்க. தொடப்பம்னு சொல்லிட்டேன். அப்புறம் என்ன, வீடு பூரா பெருக்கிட்டுத்தான் கெளம்பினேன்."

இதில் பெரிய வேடிக்கை, அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து இல்லை. மனைவி எந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

திசையக்காவும் சும்மா இருந்துவிடவில்லை. சுவரையும் கதவையும் நம்பாமல் ஆட்களை நம்ப ஆரம்பித்தாள். இருமல்காரக் காவலர் உட்கார்ந்திருந்தால் அது நிலக்காட்சி அறை. மீசைக்காரர் நின்றால் சிற்ப அறை. இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது, அந்தச் சனிக்கிழமை வரை.

அன்றைக்குக் கூடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில். சின்ன அரங்கில் படம் திரையிடல், மேல் அறையில் ஒரு பேராசிரியரின் உரை, பெரிய அரங்கில் வெளியிலிருந்து வந்த குழுவின் நடனம். ஆள் போதாததால் மீசைக்காரரைப் பெரிய அரங்கில் மேடைக்குப் பின்னால் உள்ள கதவுக்கு அனுப்பிவிட்டார்கள். திசையக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் மாலைச் சுற்றுக்குப் பதினைந்து பேரோடு கிளம்பினாள். மீசையைத் தேடி முதலில் நுழைந்தது திரையிடல் அரங்கு. அங்கே ஒருவர் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீனும் சிக்கவில்லை, படமும் நகரவில்லை. கால் வலித்த மூன்று பேர் அங்கேயே உட்கார்ந்து தூங்கிப்போனார்கள். அடுத்து பேராசிரியரின் அறை. நாலே பேருக்கு வெற்றிடத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த மனிதர், கூட்டம் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க, முன்னாடி வந்து உக்காருங்க" என்றார். திசையக்கா, "மன்னிச்சுக்குங்க, தப்பா வந்துட்டோம்" என்று எல்லோரையும் வெளியேற்றினாள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் நைசாக இவளோடு வந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு கருப்புத் திரைக்கு முன்னால் மீசை தெரிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீசைக்காரரோ, நடனத்தில் சில பேர் பின்னாலிருந்தும் வருவார்கள் என்று யாரோ சொன்னதை நினைத்துக்கொண்டு, மரியாதையாகத் திரையை விலக்கிப் பிடித்தார்.

நான் அப்போது கவுண்டரை மூடிவிட்டு அரங்கின் கடைசி வரிசையில் இருந்தேன். அந்த நடனத்தில் இசை கிடையாது. உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிய ஆறு பேர் அசைவதே தெரியாத அளவுக்கு மெதுவாக அசைவார்கள். அரங்கு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் திசையக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"வாங்க, இதான் சிற்ப அறை. அட, இதெல்லாம் புதுசா வந்திருக்கு போல. நேத்து இல்லையே!"

விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. பேசிக்கொண்டே முதல் ஆளிடம் போனாள்.

"இந்தக் கழுத்து நரம்பப் பாருங்க. மூச்சு விடற மாதிரியே இல்ல? தொடாதீங்க சார், சிலையத் தொடக்கூடாது. ஆனா ஒண்ணு, நான் உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். மூக்கு சரியா வரல. செஞ்சவரு கடைசில அவசரப்பட்டுட்டாரு."

அந்த மூக்கு துடித்தது. துடித்து, விரிந்து, சுருங்கி, அடக்க முடியாமல் ஒரு தும்மல் போட்டது. மாவு புகை மாதிரி பறந்தது.

"நூறாயுசு" என்றாள் திசையக்கா. அதற்குப் பிறகுதான் அலறினாள்.

"அக்கா, இது மேடைக்கா" என்றது சிலை, உதட்டை அசைக்காமல்.

"எந்த மேடை?"

"நடந்துட்டு இருக்கற மேடை."

அரங்கு அதிர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. திசையக்கா, "வெளிய போற வழி இப்படி" என்று கும்பலோடு ஒரு பக்கம் போனாள். அது ஒப்பனை அறை. திரும்பி மேடைக்கே வந்தாள். இன்னொரு பக்கம் போனாள், மறுபடியும் வந்தாள். கடைசியில் அந்தச் சிலையே அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டது.

நடன ஆசிரியர் கொதித்துப்போய் மேலாளர் அம்மாவின் அறைக்குப் பாய்ந்தார். "மாசக்கணக்குல ஒத்திகை பாத்தோம்மா! எல்லாம் நாசம்!" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே பார்வையாளர்கள் வரிசையாக வந்து, இவ்வளவு அருமையான நடனத்தைப் பார்த்ததே இல்லை என்று அவர் கையைக் குலுக்கினார்கள். அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சரி... நாளைக்கும் அந்தம்மா வரட்டும்" என்றார்.

மறுநாள் கவுண்டரில் எனக்குத் தலைநிமிர நேரமில்லை. அரங்கு நிரம்பி வழிந்தது. ஆறு சிலைகளும் நின்றன. மூக்குக்காரர் தும்முவதற்குத் தயாராக இருந்தார். திசையக்காவைக் காணோம். மேலாளர் அம்மா போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதாம்மா. வந்துட்டே இருக்கோம்."

"பஸ் சத்தம் கேக்குதே?"

கேட்காமல் என்ன செய்யும்? கும்பலோடு அவள் நின்றது கூடத்தின் பின்னால் உள்ள பேருந்து நிறுத்தத்தில். வந்து நின்ற வண்டியில் அவள் கணவர்.

"என்னடி இது, ஊர்வலமா?"

"மேடைக்குப் போகணுங்க."

அவர் கதவைத் திறந்துவிட்டார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாசலில் இறக்கிவிட்டார். அதற்குள் நிகழ்ச்சி முடிந்து, கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. நடன ஆசிரியர் அவளைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். மூக்குக்காரர் மட்டும் நின்று, "நேத்து நீங்க சொன்னது நிஜமாக்கா? மூக்கு அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

"ஐயோ, சிலைக்குத்தாங்க சரியில்ல. மனுஷனுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அன்று கவுண்டருக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வேலை போய்விடும் என்பதுகூட அவளுக்கு அவ்வளவு பெரிய துக்கமில்லை. "ஒரே ஒரு தடவை சரியா போய்ச் சேரணும்னு நெனச்சேன். அதுவும் முடியல" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கேட்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மேலாளர் அம்மா அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. பூனை ஓவியத்துக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டார். "இனிமே நீங்க எங்கயும் போக வேண்டாம். ஜனங்க உங்ககிட்ட வரட்டும்" என்றார். வாரம் ஒரு ஓவியம், அதே முக்காலி. காலையில் மீசைக்காரர் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்.

முதல் நாள் பேச்சைக் கேட்க நானும் போயிருந்தேன். தூங்கும் பூனையின் ஒரு காது மட்டும் ஏன் விறைத்து நிற்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கை தூக்கினார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. டாய்லெட் எங்க இருக்கு?"

திசையக்கா மீசைக்காரரைப் பார்த்தாள். அவர் தூரத்திலிருந்து கையை நீட்டிக் காட்டினார்.

"இடது பக்கம் போங்க சார்" என்று திசையக்கா வலது கையை நீட்டினாள், முகத்தில் ஒரு பெருமிதத்தோடு. பெரியவர் விவரமானவர். மீசைக்காரரின் கையைப் பார்த்துப் போனார்.