மூன்றாம் மாடி வீடும் ஒரு அனுமதிக் கடிதமும்

லிப்ட் மெக்கானிக்காக அவர் அந்த வெளிநாட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் பதினாறு வருஷம் அவரும் மனைவியும் ஒரே வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார்கள். மூன்றாம் மாடி, இரண்டு அறை. சமையலறை ஜன்னல் சரியாக மூடாது. அட்டையை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். மகள் அங்கே வளர்ந்துதான் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"நான் மகன்கிட்டயே போயிடறேன். யாரோ ஒருத்தருக்கு விக்கறதுக்கு நீங்களே இந்த வீட்டை வாங்கிக்கங்களேன்."

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

வங்கி சரி என்றது. வக்கீல்தான் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் வீடு வாங்க அரசாங்க அனுமதி வேண்டும். அதற்குச் சொந்த நாட்டுப் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் வேண்டும்.

சான்றிதழை ஊரிலிருந்த தம்பி வாங்கி அனுப்பினான். கல்யாணப் பதிவில் இடித்தது.

"உங்க குடும்பப் பேரு ஒண்ணு, உங்க மனைவியோடது வேறயா இருக்கே சார்?" என்றாள் அனுமதி தரும் அரசாங்க அலுவலகத்தின் கவுன்ட்டர் பெண்.

"அது குடும்பப் பேரு இல்லைங்க மேடம், எங்க அப்பா பேரு. அவ பேருக்குப் பின்னால இருக்கறது அவங்க அப்பா பேரு."

"அப்ப உங்க குடும்பப் பேரு என்ன?"

"எங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதுங்க."

நல்ல பெண்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒத்துப்போகலன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார். உங்க தூதரகத்துல விளக்கம் எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"இருபத்தஞ்சு வருஷமா குடும்பம் நடத்தறோம். குடும்பத்துக்குப் பேரு இல்லேன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று மனைவி படியிறங்கும்போது முணுமுணுத்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தூதரகக் கடிதம் கைக்கு வந்தபோது நன்னடத்தைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள். தம்பி மறுபடியும் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தான். ஒருவழியாகக் கோப்பு உள்ளே போனது. அதன்பிறகு தினமும் காலையில் போனைத் திறந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற அதே வரிதான். யாரைத் திட்டுவது? யாரும் தப்பு செய்யவில்லை. நின்றுபோன லிப்ட் என்றால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவார். இதில் எதைக் கழற்றுவது?

எட்டு மாதம் பொறுத்த டீச்சர் ஒருநாள் போன் செய்தார்.

"கோவிச்சுக்காதீங்க. மகன் அவசரப்படறான். இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியல."

"பரவாயில்லைங்கம்மா" என்றார் இவர்.

உள்நாட்டுத் தம்பதி ஒன்று நாலே நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டது. அதிலிருந்து பதினோராம் நாள் தபாலில் அனுமதிக் கடிதம் வந்தது. வேலை உடுப்போடே வக்கீலிடம் ஓடினார்.

"இது அந்த வீட்டுக்கு மட்டும்தான் சார் செல்லும். வேற வீடுன்னா முதல்லேருந்து வரணும்."

"போலீஸ் சர்டிபிகேட்டும் புதுசா?"

"அதுவும்தான்."

சாயங்காலம் மகள் போனில், "விடுங்கப்பா, வேற வீட்டுக்கு அப்ளை பண்ணலாம்" என்றாள்.

"பண்ணலாம்மா" என்றார். மனைவி எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலில் அட்டையைச் செருகினாள்.

அடுத்த மாதம், வாங்கியவர்களுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் குடிபோனார்கள். தம்பியிடம் மறுபடி போலீஸுக்குப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.